வெடிக்காத கடுகு

கலாராணிக்கு மண் என்றால் பழைய பெயின்ட் வாளிக்குள் இருப்பது. மஹய்யாவவில் பிறந்து, மஹய்யாவவிலேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பது தாண்டியும் அங்கேயே குடியிருப்பவளுக்கு வேறெப்படி இருக்கும்? ஒரு வீட்டு வாசல் இன்னொரு வீட்டு வாசலை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கும் சந்தில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று வைப்பதே பெரிய காரியம். அவள் கறிவேப்பிலையும் வைத்தாள், மிளகாயும் வைத்தாள், கறிக்கு வாசம் சேர்க்க ரம்பையும் வைத்தாள். கண்டிப் பட்டணத்துப் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று, வந்தவர்கள் எடுக்காமல் விட்டுப்போன புடவைகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த வாளிகளைத்தான் எட்டிப்பார்ப்பாள். புருஷன் யோகராஜைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். நல்ல மனுஷன், அவன் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவன் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு அலவத்துகொடையில் கால் ஏக்கர் நிலம் கைக்கு வந்தால் தலைகால் புரியுமா? யோகராஜ் த்ரீவீலர் ஓட்டுகிறவன். அவனுடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவர் ஹாஷிம் நானா, எல்லாருக்கும் அண்ணன் முறை, அலவத்துகொடையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த மேட்டு நிலத்தைப் பற்றி ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் பேச்சு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கலாராணி அங்கே போய் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சும்மாதான் கெடக்கு, தங்கச்சி," என்றார் ஹாஷிம் நானா. "ஒரு போகம் செஞ்சு பாருங்க. நல்லா வந்திச்சென்டா நீங்களே வெச்சுக்கொண்டு செய்யுங்க, நான் ஒன்டும் சொல்ல மாட்டேன். வரல்லையென்டா முத்துலிங்கம் கேட்டுக்கொண்டு ஈக்கார், வாகனம் கழுவுற எடம் போட. அவருக்குக் குடுத்துடுவேன்."

இவ்வளவுதான் ஒப்பந்தம். கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் கலாராணி அன்றைக்கு வீடு திரும்பும்போது த்ரீவீலரின் பின் சீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வந்ததைப் பார்த்து யோகராஜ் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டி, "உடம்புக்கு ஒன்னும் இல்லையே?" என்று கேட்டான்.

என்ன போடுவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. யோகராஜுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். டாக்டர் சோற்றைக் குறைத்து குரக்கன் என்கிற கேழ்வரகைச் சாப்பிடச் சொல்லியிருந்தார். பைக்கற் மாவில் சுட்ட ரொட்டியை அவன் மருந்து மாதிரி விழுங்குவான். தன் கையால் விளைந்த குரக்கனில் ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பலோடு அவன் முன்னால் வைத்து, அவன் இன்னொன்று கேட்பதை அவள் காதால் கேட்க வேண்டும். ஆகவே குரக்கன்.

ஞாயிறு தவறாமல் மூன்று பேர் போவார்கள். கலாராணி, யோகராஜ், அப்புறம் பக்கத்து வீட்டு மேபல். மேபல் ஒரு பாடசாலை ஒபிசில் கிளார்க். காலைப் பூசை முடிந்த கையோடு, பூசைக்கு உடுத்த சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியுடன் வந்து வண்டியில் ஏறிவிடுவாள். கலாராணிக்கு அக்கா முறை. இருபது வருஷமாக ஒரு வீட்டுக் குழம்பு மற்ற வீட்டுக்குப் போகாத நாள் இல்லை. மேபலிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான். நல்லதைக் கண்டால் அந்த இடத்திலேயே சத்தமாகச் சொல்லிவிடுவாள்.

குரக்கன் முழங்கால் உயரம் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நிலத்தின் கீழ் மூலையில் போய் நின்றுகொண்டு கையிரண்டையும் விரித்தாள்.

"மாதாவே! என்ன பச்சைடி கலா! இந்த அலவத்துகொடையிலேயே இப்படி ஒரு குரக்கன் இருக்காது!"

கலாராணிக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மேபல் நின்ற அதே மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு குரக்கன் மஞ்சளித்துத் தலை சாய்ந்து கிடந்தது. கலாராணி ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். அது வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வெறுந்தண்டாகக் கையோடு வந்தது. அடித்தண்டு நைந்து பழுப்பேறி, அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு நூல் ஓடியிருந்தது. பஞ்சின் மேலும் சுற்றியிருந்த மண்ணிலும் சின்னச் சின்னதாக, உருண்டையாக, பழுப்பாக மணிகள். அவள் ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கடுகு.

நீங்களோ நானோ என்றால் ஏதோ பூச்சி முட்டை என்று நினைத்திருப்போம். கலாராணி அப்படி நினைக்கவில்லை. செவ்வாய் வெள்ளி தவறாமல் உப்பு, மிளகாய், கடுகு மூன்றையும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போடுகிற கை அவளுடையது. கண்ணூறை எடுப்பதற்குக் கடுகு என்றால் வைப்பதற்கும் கடுகுதானே? யாரோ கடுகை மந்திரித்துக் கொண்டுவந்து இந்த மூலையில் தூவியிருக்கிறார்கள். அந்த மூலையில் நின்றது யார்? வாயைத் திறந்து பச்சை என்று சொன்னது யார்? அதெல்லாம் போகட்டும், போன கிழமை கடைக்குப் போகும்போது, "அச்சாறு போடப் போறேன், எனக்குக் கால் கிலோ கடுகு வாங்கிட்டு வாடி," என்று சொன்னது யார்? அந்தக் கடுகை அவளே தன் கையால் அல்லவா வாங்கிக் கொடுத்திருக்கிறாள்!

"உனக்குப் பைத்தியமா?" என்றான் யோகராஜ், அன்றிரவு வீட்டில். "மேபல் அக்காவா?"

"நான் யாரையும் சொல்லலையே."

"நீ சொல்லாதது எனக்குக் கேக்குது."

பரிகாரம் அவளுக்குத் தெரியும். வைத்தவர் காலடி மண்ணை எடுத்து, நிலத்தை மூன்று தடவை சுற்றி, முச்சந்தியில் கொட்டிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு மேபலிடம், "இந்தக் கிழமை நாங்க போகலக்கா," என்று பொய் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். த்ரீவீலர் சந்து முனையில் திரும்பும்போது மேபல் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றது கண்ணாடியில் தெரிந்தது. யோகராஜ் பார்த்தான். கலாராணி பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம் கீழ் மூலையின் மண்ணை, கடுகும் பஞ்சும் செத்த செடியுமாகக் கொத்தி ஒரு சுளகில் அள்ளினாள். பழைய சுளகுதான், நடுவில் பொத்தல் விழுந்தது. எப்படியும் மண்ணோடு சேர்த்துத் தூக்கி எறியப்போவது, அதற்கு யாராவது நல்ல சுளகு கொண்டுபோவார்களா? அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரம்போரமாக மூன்று சுற்று சுற்றினாள். மேடும் பள்ளமுமான நிலம், ஒவ்வொரு தடுக்கலுக்கும் சுளகு ஒரு குலுங்கு குலுங்கியது. சேறு அப்பிய காலோடு யோகராஜ் பின்னால் குடை பிடித்துப் போனான். மழையில்லை, ஆனால் ஹாஷிம் நானா வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது பார்த்துவிட்டால் என்ற வெட்கம். முச்சந்திக்கு வந்தபோது சுளகில் ஒரு பிடி மண் கூட மிச்சமில்லை. "பாத்தீங்களா, சாமியே எடுத்துக்கிச்சு," என்றாள் கலாராணி.

சாமி எடுக்கவில்லை. பரிகாரம் செய்த நிலத்தைக் கொஞ்ச நாள் மிதிக்கக் கூடாதென்று அவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருந்தார்கள்; சில கிழமைகள் போய் ஒரு காலையில் ஹாஷிம் நானாவே போன் செய்தார். "யோகராஜ், கொஞ்சம் வந்து பாருங்க. நான் இப்படி ஒன்டு கண்டதே இல்ல."

கலாராணி கடையில் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். அங்கே ஹாஷிம் நானாவோடு அந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியை டிலானியும் நின்றிருந்தாள். நீல ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து வரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன வயசு. கலாராணி நிலத்தைப் பார்த்தாள். நடுவில் குரக்கன் பச்சைப் பசேலென்று நின்றது. ஓரத்தில் மட்டும், நாலு பக்கமும், கோலம் போட்டது போல ஒரே சுற்றாகக் காய்ந்து கிடந்தது.

"பயிருக்கு வருத்தம்னா திட்டுத் திட்டா வரும்," என்றாள் டிலானி. "இது வளையம் போட்டு வந்திருக்கு. யாரு இங்க சுத்தி நடந்தது?"

யோகராஜ் வானத்தைப் பார்த்தான். கலாராணி தொண்டையைச் செருமினாள். வேறு வழியில்லை, சுளகு, மண், மூன்று சுற்று எல்லாம் வெளியே வந்தது. மேபல் பெயரை மட்டும் விழுங்கிக்கொண்டாள். "யாரோ கடுகு தூவிட்டாங்க மிஸ். செடிக்கு அடியில இருக்கு, நீங்களே பாருங்க."

டிலானி ஒரு செடியைப் பிடுங்கி, மணிகளைச் சுரண்டி உள்ளங்கையில் போட்டாள். "இது கடுகு இல்லக்கா."

"எனக்குக் கடுகு தெரியாதா? இருபது வருஷமா தாளிக்கிறேன்!"

"அப்ப தாளிச்சுப் பாப்போமே," என்றாள் டிலானி.

ஹாஷிம் நானாவின் மனைவி பரீனா ஒரு பழைய தாச்சியை அடுப்பில் வைத்தாள். எண்ணெய் காய்ந்தது. டிலானி மணிகளைக் கழுவித் துடைத்துப் போட்டாள். ஐந்து பேரும் தாச்சியைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். கலாராணி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள், கடுகு தெறித்தால் கண்ணில் படுமே. ஒன்றும் தெறிக்கவில்லை. எண்ணெய் புகையத் தொடங்கியது. மணிகள் அசையாமல் அடியில் கிடந்து கருகின. பரீனா தன் அஞ்சறைப்பெட்டியிலிருந்து நாலு கடுகை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். பட் பட்டென்று வெடித்து ஒன்று ஹாஷிம் நானாவின் தாடியில் போய் விழுந்தது.

கலாராணி முந்தானையை இறக்கவில்லை. இப்போது மறைத்தது வேறு காரணத்துக்கு.

"அடியழுகல்னு ஒரு வருத்தம் இது," என்று டிலானி சொன்னாள். சிரிக்காமல் சொல்ல அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "ஒரு பங்கசு, பூஞ்சணம், செய்ற வேல. இந்த உருண்டைகதான் அதோட வித்து மாதிரி. மண்ணுக்குள்ள வருஷக் கணக்குல தூங்கும். ஈரமும் மக்காத குப்பையும் கெடச்சா முழிச்சுக்கும். அந்த மூலையில என்ன போட்டீங்க?"

வாழைச் சருகும் வைக்கோலும் வீட்டுக் கழிவும். அந்த மூலையில் மண் இளைத்துக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, மக்கும்வரை காத்திராமல், கலாராணியே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து புதைத்தது. மழைத் தண்ணீர் வடிந்து நிற்பதும் அங்கேதான்.

"அதுக்குக் கால் இல்லக்கா, தானா நடக்காது. நம்ம காலுல, மம்பட்டியில ஒட்டுற மண்ணுலதான் போகும்."

"நான் தலையில தூக்கி ஊர்வலமே கொண்டு போயிருக்கேன்," என்றாள் கலாராணி.

யாரும் சிரிப்பதற்கு முன் ஹாஷிம் நானா பேசினார். "தங்கச்சி, நான் சொன்ன பேச்சு மாறுற ஆள் இல்ல. நல்லா வந்தா ஒங்களுக்கு என்டேன். இது நல்லா வந்தீக்கா?" அவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கூடுதலாக வாட்டியது. "முத்துலிங்கம் நேத்தும் கேட்டார்."

"நடுவுல இன்னும் நோய் ஏறல," என்றாள் டிலானி. "இந்த வளையத்த மண்ணோட எடுத்து, சாக்குல கட்டி, கீழ சிந்தாம கொண்டுபோய் எரிச்சா நடுவக் காப்பாத்தலாம். ஆனா பெரிய மழை வர்றதுக்கு முன்னாடி முடிக்கணும். தண்ணி ஓடிச்சுன்னா எல்லாத்தையும் உள்ள கொண்டுபோயிரும். ரெண்டு பேரால முடியாது."

ஹாஷிம் நானா தாடியிலிருந்த கடுகைத் தட்டிவிட்டார். "சரி. நடுவுல ஈக்கிறது கதிர் முத்தட்டும், பாப்பம். அதும் போச்சென்டா என்னட்ட ஒன்டும் கேக்க வேணாம்."

ரெண்டு பேரால் முடியாது. மூன்றாவது ஆள் யார் என்று கலாராணிக்குத் தெரியும். வீடு திரும்பியதும் செருப்பைக் கூடக் கழற்றாமல், வாளிகளையும் பார்க்காமல், நேரே மேபலின் கதவைத் தட்டினாள். மேபல் கதவைத் திறந்தாள், ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை.

"அக்கா, நீங்க என் தோட்டத்துல கடுகு தூவி செய்வினை வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள் கலாராணி. சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

மேபலுக்கு முகம் சிவந்தது. "ஏண்டி, கடுகு விக்கிற விலைக்கு அத ஒன் தோட்டத்துல கொண்டுபோய்க் கொட்டுறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா? நான் என்னன்னா, அச்சாறு போட்டு ஒனக்கு ஒரு போத்தல் தரலன்னு கோவிச்சுக்கிட்டியோன்னு நெனச்சு, ஒனக்குன்னு எடுத்து வச்ச போத்தல எப்படிக் கொண்டுவந்து தர்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருக்கேன்!" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கலாராணிக்கும் வந்தது. அழுகைக்கு நடுவில் கலாராணி தாச்சிக் கதையைச் சொன்னாள். ஹாஷிம் நானாவின் தாடிக்கு வந்தபோது மேபல் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மேபல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒபிசுக்குப் பொய் சொல்லி லீவு போட்டாள். மூவரும் விடியலில் போய் இறங்கினார்கள். செத்த செடியையும், அதைத் தொட்டு நின்ற செடியையும், வேர் பிடித்திருந்த மண்ணோடு தோண்டி உரச் சாக்குகளில் கட்டினார்கள். வளையத்தில் நிற்கிறவர் வளையத்திலேயே நிற்க வேண்டும், நடுவில் கால் வைக்கக் கூடாது என்பது கலாராணியின் கட்டளை. யோகராஜ் ஒரு தடவை மறந்து கால் வைக்கப் போனபோது மேபல் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் வெளியே ஓட ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். கடைசிச் சாக்கை எரித்து முடிக்கவும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. மூவரும் ஹாஷிம் நானா வீட்டுத் தாழ்வாரத்தில் நனைந்த கோழிகளாக ஒடுங்கி நின்று வாய்க்காலைப் பார்த்தார்கள். தண்ணீர் நடுவுக்குள் போகாமல் வாய்க்கால் வழியே திரும்பி ஓடியது.

அப்புறம் தொடங்கியது கலாராணியின் ஆட்சி. நிலத்துக்கு இறங்கும் வழியில் ஒரு பெரிய பேசின், அதில் சவர்க்காரத் தண்ணீர், பக்கத்தில் ஒரு தேங்காய்த் தும்பு. யார் வந்தாலும் செருப்பைக் கழற்றி, காலைத் தேய்த்துக் கழுவி, மம்பட்டியையும் கழுவித்தான் இறங்க வேண்டும். டிலானி சொன்னது போல் வெறுமையாகக் கிடந்த வளையத்தை ஆழமாகக் கொத்தி, வெயிலில் வேகட்டும் என்று கண்ணாடிப் பொலித்தீனால் மூடினார்கள். நன்றாக மக்கிய பசளையில் நல்ல பங்கசு ஒன்றைக் கலந்து டிலானி கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டதைத் தின்கிற நல்லது என்று சொன்னாள். அதைத் தூவும்போது கலாராணி மறக்காமல் நல்ல சுளகு எடுத்துப் போனாள்.

ஒருநாள் முத்துலிங்கம் அளவு நாடாவோடு வந்தார், சப்பாத்துப் போட்ட காலோடு. "சும்மா அளந்து பாத்துட்டுப் போயிடுவேன்."

"அளக்குறதுன்னாலும் கழுவிட்டு அளங்க," என்றாள் கலாராணி.

முத்துலிங்கம் பேசினைப் பார்த்தார், தன் பளபளக்கும் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு வந்த வழியே போய்விட்டார். வாகனம் கழுவுகிறவருக்குத் தன் காலைக் கழுவ இவ்வளவு சங்கடமா என்று மேபல் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் கலாராணிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அளக்காமலும் அவர் நிலத்தைக் கேட்கலாமே. கொடுக்க வேண்டியவர் கொடுத்துவிட்டால் இந்தப் பேசின் தடுக்குமா?

கதிர் முத்தியது. விரல் மடக்கிய கை போல ஒவ்வொரு தாளின் நுனியிலும் குரக்கன் பழுப்பேறி நின்றது. வளையம் தின்றது போக மிச்சம்தான், ஆனால் மிச்சம் நல்ல மிச்சம். அறுவடைக்கென்று வந்த ஞாயிற்றுக்கிழமை மேபல் மூலையில் போய் நின்று வாயைத் திறந்தாள். கலாராணியைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் கலாராணி. "நீங்க சொன்னாத்தான் எனக்குக் குரக்கன் மாதிரியே இருக்கும்."

"மாதாவே, என்ன கதிருடி!" என்று மேபல் அலறிய சத்தத்தில் ஹாஷிம் நானா வீட்டுப் பின்கதவு திறந்தது.

அவர் இறங்கி வந்தார். கலாராணி கையில் கத்தியோடு நிமிர்ந்தாள். அவர் வந்து மேலேயே நின்றுகொண்டு, நிலத்தை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேசினுக்கு முன்னால் குந்தி, தேங்காய்த் தும்பை எடுத்து, பாதத்தையும் விரல் இடுக்கையும் தேய்த்துக் கழுவினார். "தொழுகைக்குத்தான் இப்படிக் கழுவுறது," என்று முணுமுணுத்தார். பிறகு எழுந்து, இறங்காமல், வரம்புக்கு வெளியிலேயே நின்றார்.

"தங்கச்சி, உள்ளுக்கு வரலாமா?"

அவருடைய பாட்டன் காலத்து நிலம். அதில் காலெடுத்து வைக்க அவர் மஹய்யாவவின் பெயின்ட் வாளிக்காரியிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கண் நிறைந்து அவருடைய உருவம் கலங்கித் தெரிந்தது. மேபல் முதுகில் ஒரு இடி இடித்தாள், சொல்லடி என்று. யோகராஜ் தொப்பியைக் கழற்றினான், ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

கலாராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய காலைக் கூர்ந்து பார்த்தாள்.

"குதிக்கால்ல இன்னும் மண் இருக்கு, நானா," என்றாள்.

ஹாஷிம் நானா மறுபடியும் குந்தினார்.